கணவர் பெயர்: நாகூர்

ஏர்வாடித் தென்னந்தோப்பு ஒன்றில் கீற்றுக்கூரையின் கீழ் நடந்த எங்கள் குளவி வளர்ப்புக் கூடத்தின் பதிவேட்டில், 1957 மார்ச் நான்காம் தேதி ரம்ஜான் பீவி என்ற பெயர் முதன்முதலாக ஏறியது. வயது முப்பத்தாறு. வேலை, குழாய் மாற்றுதல். கணவர் பெயர் என்ற கட்டம் மட்டும் வெறுமையாக நின்றது. கேட்டபோது முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். முதுகலைப் படிப்பை முடித்துவிட்டு அப்போதுதான் பணியில் சேர்ந்திருந்த எனக்கு நிரப்பாத கட்டம் உறுத்தியது. பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன்.

அந்த ஆண்டுகளில் கருந்தலைப் புழுக்கள் தென்னை ஓலைகளின் அடிப்பக்கத்தைச் சுரண்டித் தின்றன. தோப்புகள் அனலில் வாட்டியவைபோலப் பழுப்பேறிக் கிடந்தன. அப்புழுவின் மேல் முட்டையிட்டு அதைக் கொல்லும் சிறு குளவிகளைக் கண்ணாடிக் குழாய்களில் பெருக்கித் தோப்புகளில் விடுவதே எங்கள் பணி. ரம்ஜான் பீவி தூரிகை நுனியில் குளவியை நோகாமல் ஏந்தி அடுத்த குழாய்க்கு மாற்றுவார். பஞ்சைத் தேனில் தொட்டு உள்ளே வைப்பார். எல்லாரும் அவரை லாத்தா, அதாவது அக்கா என்றே அழைத்தோம்.

அவருடைய கணவர் 1947 டிசம்பரில் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்குப் போனவர். 1951 வரை கடிதம் வந்தது. சரக்குக் கப்பல் ஒன்றில் சமையல் வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகவும், இனி நிலையான விலாசம் இராது என்றும் கடைசிக் கடிதத்தில் எழுதியிருந்தார். அதன்பின் எதுவும் வரவில்லை. பழைய விலாசத்துக்கு லாத்தா அனுப்பிய மூன்று கடிதங்களும் முத்திரைகள் பல குத்தப்பட்டுத் திரும்பி வந்தன.

ஆகஸ்டில் ஒருநாள், தம் வீட்டுத் தென்னையிலிருந்து ஓலைத்துண்டு ஒன்றைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார்.

"இது நம்ம புள்ளைக மாதிரி இல்ல தம்பி. காலப் பாருங்க, மஞ்சளா இருக்கு. புழுவ விட்டு நகரவும் மாட்டேங்குது."

உருப்பெருக்கியில் பார்த்தேன். மூன்று மில்லிமீட்டர் நீளம். கருமையான உடல், மஞ்சள் கால்கள், உணர்கொம்பில் பதின்மூன்று கணுக்கள். முன்னிறகின் நரம்பு ஒன்று பாதியிலேயே வளைந்து நின்றது. கையிலிருந்த விவரணைகள் அனைத்தோடும் ஒப்பிட்டேன், எதனோடும் பொருந்தவில்லை. புதிய இனமாக இருக்கலாம். ஆனால் கிடைத்தவை யாவும் பெண்கள். ஆணையும் விவரித்தால்தான் விவரணை முழுமை பெறும். மூன்று மாதங்கள் குழாய்களில் வளர்த்து, "ஆண் காணப்படவில்லை" என்று நாள்தோறும் குறித்துவந்தேன்.

எதிர் மேசையில் வேலை செய்த உலகம்மாளுக்கு இது வேடிக்கையாகிவிட்டது.

"ஏ லாத்தா, ஆம்பளையக் காணலைன்னு ஆபீசே தேடுது. அப்படியே ஒன் மனுவையும் சேத்துக் குடுத்துரு!"

"குடுக்கலாந்தேன். அடையாளம் கேப்பாகளே. நீளம் மூணு மில்லின்னா எழுதச் சொல்ற?"

எல்லாரும் சிரித்தோம். லாத்தாவும் சிரித்தார். ஆனால் அன்று அவர் மாற்றிய குழாய்களில் இரண்டுக்குப் பஞ்சு வைக்க மறந்திருந்தார். அப்படி அவர் மறந்தது அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

நவம்பர் பதினான்காம் தேதி காலையில் நான் வருவதற்குள் ஒரு குழாயைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் காத்திருந்தார்.

"நீங்க சீக்குன்னு கழிச்சுப்போடுற சின்னக் கூடுதான் தம்பி ஆம்பள. எல்லாத்துக்கும் முந்தி வெளிய வருது. ரெண்டு நாளுல செத்தும் போவுது."

என் குறிப்பேட்டைப் புரட்டினேன். "நோயுற்ற கூடு, கழிக்கப்பட்டது" என்று என் கையெழுத்திலேயே இருபத்திரண்டு இடங்களில் இருந்தது.

விவரணை பூச்சியியல் இதழில் அச்சாகும் என்றும், புதிய இனத்துக்கு அதைக் கண்டெடுத்தவர் பெயரை வைப்பதுண்டு என்பதால் லாத்தாவின் பெயரையே வைக்கலாம் என்றும் சொன்னேன். தூரிகையைக் கீழே வைத்தார்.

"இந்தப் புஸ்தகம் பினாங்குக்குப் போகுமா?"

"போகும் லாத்தா. சிங்கப்பூர், லண்டன் எல்லாம் போகும்."

"அப்ப எம் பேரு எதுக்கு? அவுக பேர வைங்க. எந்தத் துறைமுகத்துலயாச்சும் யாராச்சும் படிச்சுட்டு, 'ஏலே, ஒம் பேரு இதுல இருக்குடா'ன்னு அவுகள்ட்டச் சொல்ல மாட்டாகளா?"

பூச்சியியல் இதழ்களைக் கப்பல்காரர்கள் படிப்பதில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பெயர் என்ன என்று கேட்டேன். மறுபடியும் முந்தானை வாய்க்குப் போயிற்று.

"புருசன் பேர வாயால சொல்லக் கூடாது தம்பி. நாகூர் எஜமான் பேருதான்."

நான் கடலோரப் பழக்கம் அறியாத உள்நாட்டு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவன். நாகூர்கனி, நாகூர்பிச்சை என்ற பெயர்களைக் கேட்டிருக்கிறேன். எஜமான் என்பது மரியாதைச் சொல் என்று எண்ணினேன். பதிவேட்டின் பென்சில் புள்ளியின் மேல் "நாகூர்" என்று மையால் எழுதினேன். விவரணையோடும் படங்களோடும் அதே பெயரை வடக்கே இருந்த மூத்த அறிஞர் ஒருவருக்கு அனுப்பினேன்.

1959 ஜூனில் அச்சாகி வந்தது. நாகூர் என்பதை ஊர்ப்பெயர் என்று எடுத்துக்கொண்ட அறிஞர், ஊரைக் குறிக்கும் இலத்தீன் விகுதியைச் சேர்த்து "நாகூரென்சிஸ்" என்று பெயரிட்டிருந்தார். கண்டெடுத்த இடம் ஏர்வாடி என்று கீழே இருக்க, குளவி நாகூரைச் சேர்ந்தது என்றது மேலே இருந்த பெயர்.

லாத்தாவிடம் படித்துக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை.

"நாகூருங்கிறது தர்காவுல எஜமான் அடங்கியிருக்கிற ஊரு தம்பி. எஜமான் பேரு அது இல்ல. அப்ப அவுக பேரு போகலையா?"

"போகவில்லை. பிழை என்னுடையது."

"மாத்த ஏலாதா?"

"அச்சான பெயரை மாற்ற விதியில்லை. யார் நினைவாக வைத்தது என்று ஒரு திருத்தக் குறிப்பு வெளியிடலாம். பள்ளிவாசலில் யாரிடமாவது பெயரைக் கேட்டு எழுதிக்கொள்கிறேன்."

"அவுக சொல்லி, நீங்க எழுதி, மறுபடியும் ஊரு பேராப் போச்சுன்னா?"

வழக்கம்போல முந்தானை வாய்க்குப் போயிற்று. பிறகு முந்தானையை வாயிலிருந்து எடுத்தார்.

"ஷாகுல் ஹமீது."

உலகம்மாளின் தூரிகை நின்றது. நான் எழுதுவதற்குள் இன்னொரு முறையும் சொன்னார். இம்முறை தோப்பின் மறுகோடியில் போகிறவரைக் கூப்பிடும் குரலில்.

"எழுதுனத வாசிங்க தம்பி."

வாசித்தேன்.

திருத்தக் குறிப்பு 1960 ஜனவரியில் இரண்டு வரியாக வெளிவந்தது. ஒரு பிரதியைப் பினாங்கு நூலகம் ஒன்றுக்குத் தனியாக அனுப்பினேன். பெற்றுக்கொண்டதாக அட்டை வந்தது, வேறெதுவும் வரவில்லை.

அந்தப் பெயரை லாத்தா அதன்பின் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் ஒவ்வொரு மாதமும் முதல் தேதியன்று நான் பதிவேட்டில் புதுப்பக்கம் திறக்கும்போது என் மேசையருகே வந்து நிற்பார். கணவர் பெயர்க் கட்டத்துக்கு வந்ததும், "சத்தமாச் சொல்லி எழுதுங்க தம்பி" என்பார். நானும் சொல்லியே எழுதுவேன்.