சாமத்திய வீட்டில் ஹோ அண்ணையின் கமரா

இயக்குநர் ஹோ வாய்மிங் புனிதவதிக்கு மூவாயிரம் பிராங்க் கடன்.

இருவரும் சூரிச் உணவகமொன்றில் பக்கத்துப் பக்கத்து அடுப்பில் நின்றவர்கள்; ஹோ தமிழ் பிடித்ததும் அங்கேதான். புனிதவதி பிடித்த சீட்டில் ஹோவும் சேர்ந்தார். முதல் மாதமே அதிகக் கழிவு கூறிச் சீட்டுக்காசை எடுத்து, தனது ஒன்பதாவது சீனப் படத்தை முடித்தார். பிறகு உணவகம் மூடப்பட்டுவிட, அவருடைய கடைசித் தவணைகளைப் புனிதவதி தன் கைக்காசில் போட்டார். “சீனனை நம்பிச் சீட்டுப் பிடிச்சவா” என்று திரிம்பாக் தமிழ்க் கோயிலில் சனம் பகிடி பண்ணியது. கேள்விப்பட்ட ஹோவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அவர் என்ன லேசுப்பட்ட ஆளா? ஹொங்கொங்கில் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை உதறி, ஸ்டூடியோவில் விளக்குத் தூக்கி, கண்ணால் பார்த்தே தொழில் பிடித்தவர். பட்டம் வாங்கிய இயக்குநர்கள் எத்தனையோ பேர் ஓய்ந்துபோனார்கள். சுவிஸ் மனைவியோடு சூரிச்சுக்குப் பக்கத்து ஷ்லீரனுக்கு வந்து வெங்காயம் உரித்த நாளிலும் ஹோ கமராவை விற்கவில்லை.

அந்தக் கமராவோடு, அதே கோயிலுக்கு வரும் தயாபரனின் மகள் பெரியபிள்ளையானதற்கு நடந்த சாமத்திய வீட்டுக்குப் படம் பிடிக்கப் போனார். கூலி மூவாயிரம்.

சனம் குடும்பம் குடும்பமாக மேடையேறி, என்வலப்பை நீட்டிச் சிரித்துக்கொண்டு நின்றது. ஹோவின் கமராவோ, ஓரமாய் நின்று மகளைப் பார்த்து மூக்கை உறிஞ்சிய தயாபரனையே பார்த்துக்கொண்டிருந்தது.

வீடியோவைப் பார்த்த தயாபரன் துள்ளினார். “அண்ணை, என்ரை மூஞ்சியை ஆர் பார்க்கிறது? காசு தந்த சனம் எங்கை? பேர்ன் மச்சாளின்ரை சீலைத் தலைப்புக்கூட இல்லை!”

“தகப்பன்தான் கதை, தம்பி.”

“கதையை நீங்களே வைச்சிருங்கோ. காசு தரமாட்டன்.”

ஹோ அசையவில்லை. “எல்லாரையும் திரும்பக் கூப்பிடும். எடுத்துத் தாறன். ஆனால் உம்மை வெட்டமாட்டன்.”

அடுத்த ஞாயிறு, திரிம்பாக் கோயில் மண்டபத்தில் அதே சீலைகள், அதே நகைகள்.

“வெறும் என்வலப்போடையோ நிக்கிறது?” என்றார் மச்சாள்.

“கனமாப் பிடியுங்கோ அக்கா. நடிப்பு!” என்றார் ஹோ.

மண்டபமே சிரித்தது. ஒரு குடும்பத்தையும் விடாமல் எடுத்து முடித்துவிட்டுத்தான் ஹோ தண்ணீர் குடித்தார். தயாபரன் காசை எடுத்துக் கொடுத்தார். ஹோ அதை நேரே கூட்டத்தில் நின்ற புனிதவதியிடம் கொண்டுபோனார்.

“சனத்துக்கு முன்னாலை என்னத்துக்கு? வீட்டை வந்து தாங்கோவன்.”

“இஞ்சைதானே கதைச்சவை. கையை நீட்டுங்கோ.”

புனிதவதி கையை விரித்தார். ஹோ ஒவ்வொரு தாளாக, சத்தமாக எண்ணி வைத்தார்.