வலப்புருவத்துத் தழும்பு

புலம்பெயர்ந்து வந்து நாங்கள் குடியிருந்த சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடியில், எங்கள் மாடி நடைபாதையின் மீன்பொரியல் மணத்தை வெல்லக்கூடியது கடைசிக் கதவின் கீழிருந்து கசிந்த அச்சு மையின் மணம் ஒன்றுதான். அங்கே இருந்த முதியவரை எல்லோரும் "ஜேர்மன்காரர்" என்றார்கள். சிறுவர் புத்தகங்களுக்கு ஓநாய்களும் வாத்துகளும் வரைந்து பிழைத்தவர். தனக்கென்று மரப்பலகையில் செதுக்கி அச்சிட்டதோ, போரிலிருந்து திரும்பாத தன் தமையனின் முகத்தை மட்டும். "அவனுடைய புகைப்படம் என்னிடம் இல்லை. அதனால் ஒவ்வொரு வருடமும் வேறு யாரோ போல வந்து நிற்கிறான்" என்று அவர் ஆங்கிலத்தில் சொன்னதை அம்மாவுக்கு மொழிபெயர்த்தவள் நான். பத்து வயதில் என் ஆங்கிலத்தின்மீது இருந்த நம்பிக்கை பிறகு எந்த மொழியிலும் எனக்கு வாய்க்கவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் பனி கொட்டிய ஒரு மாரி. போருக்குள் விட்டுவந்த என் அண்ணா இறந்துவிட்டதாக ஊரிலிருந்து கடிதம் வந்திருந்தது. உடல் கிடைக்கவில்லை, படங்களோ வீட்டோடு எரிந்துவிட்டன. நகரின் மேற்கே பார்க்டேலிலிருந்து வந்த மாமா, "அக்கா, ஒரு படத்தை வைச்சு விளக்கேத்தி அலுவலை முடிப்பம். எத்தினை நாளைக்கு உந்த ரெலிபோனையே பாத்துக்கொண்டிருக்கப்போறியள்?" என்றார். நாலாம் நாள் அம்மா என்னையும் இழுத்துக்கொண்டு போய் ஜேர்மன்காரரின் கதவைத் தட்டினார்.

அவர் அம்மாவின் முகத்தையே வரைந்து, அதற்குள் அண்ணாவைத் தேடினார். "மூக்கு என்ர. நாடி தேப்பன்ர. வலப்புருவத்தில சைக்கிளால விழுந்த தழும்பு, அதை மறக்க வேண்டாமெண்டு சொல்லு" என்றார் அம்மா. பலகையில் மெல்ல மெல்ல ஒரு முகம் வந்தது. தழும்பு ஒரேயொரு கீறல்தான், முதல் அச்சைப் பார்த்துவிட்டுப் போடலாம் என்று அவர் விட்டுவைத்தார்.

அம்மா வேலைக்குப் போயிருந்த ஒரு பின்னேரம், அவர் தேநீர் போடப்போன இடைவெளியில் நான் உளியை எடுத்து, பலகையிலிருந்த முகத்தின் வலப்புருவத்தில் அந்தக் கீறலைப் போட்டேன். உதவிதான். அச்சில் இடம் வலமாகிவிடும் என்பது என் மேதைமைக்கு எட்டவில்லை. அவருடைய மங்கிய கண்ணுக்கு அது தெரியவுமில்லை. மை தடவி, தாளை விரித்து, நாங்கள் கொடுத்த அகப்பையின் முதுகால் தேய்த்து உரித்தபோது அம்மா வேலையால் வந்து நின்றார்.

அம்மாவின் விரல் மூக்கிலிருந்து நாடிக்கு இறங்கி, புருவத்துக்கு ஏறி நின்றது.

"தழும்பு இடப்பக்கம். இது என்ர பிள்ளை இல்லை."

ஜேர்மன்காரர் பலகையைப் பார்த்தார். பிறகு என் விரலில் ஒட்டியிருந்த மரச்சீவலைப் பார்த்தார். "இதை அடைத்துச் சரிசெய்யலாம்" என்றார். அதை மட்டும் சரியாக மொழிபெயர்த்தேன்.

"வேண்டாமெண்டு சொல்லு. ஆரோ ஒராளின்ர பிள்ளைக்கு நான் விளக்கேத்த மாட்டன்."

வீட்டுக்கு வந்து, கடிதத்துக்குப் பிறகு முதன்முறையாக ஒரு கோப்பை சோற்றை முழுதாகச் சாப்பிட்டார். அந்தச் சோற்றைப் பார்த்துக்கொண்டு உண்மையைச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. பிறகும் வரவில்லை. எத்தனை வீடு மாறியபோதும், அண்ணாவுக்குத் தெரிந்தது அதுதான் என்று அம்மா பழைய ரெலிபோன் நம்பரையே பிடிவாதமாகக் கேட்டு வாங்கினார்.

போன மாரியில் அம்மா போய்விட்டார். ஜேர்மன்காரர் எப்போதோ போய்விட்டார்; அந்த நடைபாதையில் இப்போது மை மணம் இல்லை. நம்பரை நிறுத்தச் சொன்னவள் நான்தான். பிறகு அம்மாவின் அலுமாரியைத் திறந்தேன். ஒரு கதவின் உட்புறம் கண்ணாடி. எதிர்க்கதவின் உட்புறம், எனக்குத் தெரியாமல் எப்போதோ வாங்கிவந்த அந்த அச்சு ஒட்டப்பட்டிருந்தது. கண்ணாடிக்குள் பார்த்தால் தழும்பு வலப்புருவத்தில் இருந்தது. அது அண்ணாதான் என்று அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது, எந்த வருடத்திலிருந்து என்றுதான் தெரியவில்லை. கீழ்த்தட்டில் துடைத்து வைத்த ஒரு சின்ன விளக்கு. திரி வெள்ளையாக, ஒருநாளும் நெருப்பைக் காணாததாக இருந்தது.