சனிக்கிழமை முதலாளி

சனிக்கிழமைகளில் மட்டும் நான் முதலாளி. கொழும்புக் கம்பனி ஒன்றில் ஆட்களை வேலைக்கு எடுக்கும் பிரிவில் பல காலம் இருந்துவிட்டு, அம்மாவைப் பார்த்துக்கொள்ள இணுவிலுக்குத் திரும்பியவள் நான். அம்மா போய்விட்டார். வீடு மிஞ்சியது, என் வாயும் மிஞ்சியது. கிழமை முழுவதும் நான் கதைக்கும் மிக நீண்ட கதை, மருதனார்மடம் சந்தையில் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசுவதுதான். இப்படியே இருந்தால் ஊமையாகிவிடுவேன் என்று பயந்து, பட்டம் முடித்தும் வேலை கிடைக்காத பிள்ளைகளைக் கூப்பிட்டு வீட்டிலேயே பொய் நேர்முகத் தேர்வு நடத்தத் தொடங்கினேன். சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கம் நான், இந்தப் பக்கம் அவர்கள்.

எங்கள் பிள்ளைகளிடம் அறிவுக்குக் குறைவில்லை. ஆனால் உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றால் ஊர் வரும், அப்பாவின் தொழில் வரும், பரீட்சைப் பெறுபேறு வரும். தனக்கு என்ன செய்யத் தெரியும் என்பது மட்டும் வராது. தன்னைத் தானே புகழக் கூடாது, பெரியவர்களின் கண்ணைப் பார்த்துக் கதைக்கக் கூடாது என்று சொல்லிச் சொல்லி வளர்த்துவிட்டு, இப்போது வாயைத் திற என்றால் எப்படித் திறப்பார்கள்? எல்லோரும் மேசை விரிப்பின் பூவைப் பார்த்தே பதில் சொல்வார்கள். நான் மேசையில் தட்டுவேன். எனக்குப் பொறுமை இல்லை என்பது ஊரறிந்த விஷயம்.

தட்டியதற்குப் பலன் இருந்தது. ஒவ்வொருவராக வேலை கிடைத்துப் போனார்கள். கடைசியில் குருநகரிலிருந்து வரும் பிள்ளை ஒருத்தி மட்டும் மிஞ்சினாள். தகப்பனுக்குக் கடற்றொழில்; குடும்பத்தில் முதல் பட்டதாரி அவள்தான். டவுனில் பஸ் மாறி வருவாள். சில நாட்களில் கையில் ஒரு பை இருக்கும்.

"இறால் மிஸ். அப்பா தந்துவிட்டவர்."

பாடம் முடிந்ததும் இருவருமாக உரித்துச் சமைத்து அதே மேசையில் சாப்பிடுவோம். கிழமையில் நான் இன்னொருவரோடு சாப்பிடும் சாப்பாடு அது ஒன்றுதான்.

அவளுடைய பதில்கள் மெல்ல மெல்லத் தேறின. கேள்விக்கெல்லாம் நல்ல ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். ஆனால் தேர்வு முடிந்து எழும்பியதும், "போயிட்டு வாறன் மிஸ்" என்று தமிழில் சொல்லிவிட்டு வாசலடியில் நிற்பாள். எங்கள் பக்கத்தில் 'போறன்' என்று சொல்லிவிட்டு யாரும் படி இறங்குவதில்லை. வீட்டிலிருப்பவரும் 'ஓம், போயிட்டு வா' என்று சொல்லி அனுப்ப வேண்டும். அவள் அதற்காகத்தான் நிற்கிறாள் என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது.

"கொழும்பிலை உனக்கு ஆர் பிள்ளை பதில் சொல்லிக்கொண்டு இருக்கப் போகினம்? கண்ணைப் பார், தாங்யூ சொல்லு, திரும்பிப் பாக்காமல் நட."

"சொல்லாமல் எப்பிடி மிஸ் வெளிக்கிடுறது?"

"அப்பிடித்தான் வெளிக்கிட வேணும். திருப்பிச் செய்."

திருப்பித் திருப்பிச் செய்தாள்.

உண்மையான தேர்வு ஒன்லைனில் நடந்தது. அவள் வீட்டில் சிக்னல் சரியில்லை என்று என் வீட்டுக்கே வந்து, நான் இருக்கும் கதிரையில் அமர்ந்தாள். நான் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு காது கொடுத்தேன். தடுமாற்றமில்லாத குரல். அதைக் கேட்கக் கேட்க எனக்குப் பெருமையாக இருந்தது. கூடவே, ஒரு கேள்வியிலாவது இவள் தடக்குப்படட்டும் என்றும் நினைத்தேன். இவளும் போனால் எனக்குச் சனிக்கிழமை இல்லை. என்ன மனுசி நான் என்று என்மேலேயே ஆத்திரம் வந்து, தேத்தண்ணிக் கேத்திலை அடுப்பில் ஓங்கி வைத்தேன். அந்தச் சத்தத்துக்கும் அவள் குரல் அசையவில்லை.

வேலை கிடைத்தது. கொழும்புக்குப் புறப்படும் நாளில், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று ஓட்டோவை வெளியே நிறுத்திவிட்டு ஓடி வந்தாள். இறால் பையைக் கையில் தந்தாள். கதிரையைக் காட்டினேன், இருக்க நேரமில்லை என்றாள். கேற்றடி வரை கூடப் போனேன்.

அங்கே நின்று, நேராக என் கண்ணைப் பார்த்தாள்.

"தாங்யூ மிஸ்."

குரல் உடையவில்லை. நான் சொல்லிக் கொடுத்தபடியே திரும்பிப் பாராமல் நடந்து ஓட்டோவில் ஏறினாள். நூற்றுக்கு நூறு போடலாம். நானோ வாய்க்குள் 'ஓம், போயிட்டு வா பிள்ளை' என்பதைத் தயாராக வைத்துக்கொண்டு, அவள் முதலில் சொல்லட்டும் என்று காத்து நின்றேன்.

ஓட்டோ ஒழுங்கை முடக்கில் மறைந்த பிறகு அதை வாய்விட்டுச் சொன்னேன். முன்வீட்டு நாய் மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்தது. பையை மேசைக்குக் கொண்டு வந்து பிரித்தேன். வழக்கம்போல இரண்டு பேருக்கு அளவான இறால் இருந்தது.