அந்தோனியார் துணையோடு போன முட்டை

சென்ற வருடம் ஆடி மாதம், சோளகக் காற்று மன்னாரை உலுப்பிக்கொண்டிருந்த ஒரு நாள். பல்கலைக்கழகப் பொறியியல் பீட மாணவர்களும் விரிவுரையாளர்களும் நகரத்துப் பாடசாலையொன்றுக்கு வந்து, பள்ளிப் பிள்ளைகளுக்காக விஞ்ஞான நாள் நடத்தினார்கள். வங்காலைப் பக்கம் விஞ்ஞானம் படிப்பிக்கும் நான், பத்தாம் தர மாணவிகள் மூவரைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன்.

தரையில் போட்ட கறுப்புக் கோட்டின் வழியே ஓடும் ரோபோ, உப்புத் தண்ணீரில் எரியும் மின்குமிழ் என்று மண்டபம் நிறைய வைத்திருந்தார்கள். எங்கள் பிள்ளைகள் எதிலும் நிற்கவில்லை. அவர்கள் வந்தது முட்டைப் போட்டிக்கு. அவிக்காத முட்டையொன்றைப் பொதி செய்து மேல்மாடியிலிருந்து கீழே போட வேண்டும். உடையாமல் காப்பாற்றும் முதல் மூன்று அணிகளுக்கும் பொறியியல் பீடத்துக்குப் போய் ஆய்வுகூடங்களைப் பார்க்கும் வாய்ப்பு. எங்கள் மூவரில் ஒருத்தி, கட்டைப் பின்னல்காரி, உயர்தரத்தில் கணிதம் எடுப்பதென்று எட்டாம் தரத்திலேயே முடிவு செய்தவள். அந்த ஆய்வுகூடத்தைக் காண அவள் எதையும் செய்வாள்.

மீன் அடைக்கும், பாரமில்லாத வெள்ளை ரெஜிபோம் பெட்டியின் துண்டுகளை ஒட்டி ஒரு சின்னப் பெட்டி, அதற்கு மேலே சிவப்புச் சொப்பிங் பைகளைச் சேர்த்துச் செய்த பெரிய பரசூட். ஒரு கிழமை சோதித்துப் பார்த்து, ஒரு முட்டையும் உடையாமல் வந்திருந்தார்கள். எங்கே சோதித்தார்கள் என்று நான் கேட்கவில்லை. பிறகுதான் தெரிந்தது: வெளியே காற்று அதிகம் என்பதால் தேவாலயப் பங்கு மண்டபத்தின் கதவுகளைச் சாத்திவிட்டுச் சோதித்திருக்கிறார்கள்.

மத்தியானத்துக்குள் பெரும்பாலான முட்டைகள் முற்றத்தில் மஞ்சளாகக் கிடந்தன. இரண்டு மட்டுமே தப்பியிருந்தன. கடைசியாக எங்களுடையது. கட்டைப் பின்னல்காரி மேல்மாடியிலிருந்து பெட்டியை விட்டாள். பெட்டி கீழே போகவில்லை. பரசூட் ஒரு முறை உப்பியது, பக்கவாட்டில் பறந்தது, வேப்பமரத்தைத் தாண்டியது, மதிலையும் தாண்டியது. தலைமன்னார் வீதியில், வெறும் மீன்பெட்டிகள் ஏற்றிக்கொண்டு போன, பட்டா என்கிற சின்ன லொறியொன்றின் பின்பக்கத்தில் போய் விழுந்தது. சாரதி திரும்பிப் பார்க்கவேயில்லை. முற்றம் முழுவதும் சிரித்தது.

நான் அவளுடைய தோளில் கையை வைத்து, பரவாயில்லை, அடுத்த வருடம் பார்ப்போம் என்றேன். நடுவர்களில் ஒருவர் எங்கள் பெயருக்கு நேரே 'உடைந்தது' என்று எழுதப் போனார்.

"சேர், உடைஞ்சதெண்டு ஆர் கண்டது?" என்று கேட்டாள் அவள்.

நடுவரின் பேனா நின்றது. மதிலுக்கு வெளியே விழுந்தால் என்ன செய்வதென்று விதிகளில் ஒன்றுமில்லை. பக்கத்தில் நின்ற இளம் விரிவுரையாளர் சிரித்துக்கொண்டே, முடிவு அறிவிக்கும் வரைக்கும் நேரம் தருகிறோம், கண்டுபிடியுங்கள் என்றார்.

வாகனத்தின் பின்கதவில் 'அந்தோனியார் துணை' என்று எழுதியிருந்ததை மூவரும் கண்டிருந்தார்கள். வெறும் பெட்டிகள் என்றால் பேசாலைக் கரைக்குத்தான் போகும். ஒருத்தியின் மாமா அங்கே மீன் வாங்குபவர். என்னுடைய கைபேசியை வாங்கி, எல்லாருக்கும் கேட்கும்படி அவரை அழைத்தார்கள்.

"அந்தோனியார் துணையோ? இஞ்ச நிக்கிற எல்லா வாகனத்துக்கும் அவர்தான் துணை, பிள்ளை. வேற அடையாளம் சொல்லு."

சிவப்புச் சொப்பிங் பை தொங்கும் என்றார்கள். அந்தோனியார் தொலைந்த சாமானைத் தேடித் தருகிற புனிதர் என்றபடியால், மூன்றாமவள் ஒரு மூலையில் நின்று அவரையே மன்றாடத் தொடங்கியிருந்தாள். முட்டையைத் தூக்கிக்கொண்டு போனதும் அவர்தானே என்று பக்கத்துப் பாடசாலைப் பெடியன் ஒருவன் நக்கலடித்தான்.

முடிவை அறிவிக்க ஒலிவாங்கியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது மாமா வீடியோ அழைப்பில் வந்தார். விரிவுரையாளர் கைபேசியைப் புரொஜெக்டரில் இணைத்தார். மண்டபத்துத் திரையில் பேசாலைக் கரையும் வெள்ளைப் பெட்டிகளும் தெரிந்தன, நடுவில் பயந்துபோன ஒரு சாரதி.

"நான் ஒண்டும் எடுக்கேல்லை சேர். இது எப்பிடி ஏறினதெண்டும் தெரியாது."

விசயத்தை விளங்கப்படுத்தியதும் அவருக்கும் உற்சாகம் வந்துவிட்டது. மீன் வெட்டும் கத்தியால் ஒட்டுநாடாவை மெதுவாகக் கீறினார். கதிரைகளில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். முட்டையை இரண்டு விரலால் எடுத்துக் கமராவுக்குக் கிட்டப் பிடித்தார். முழுசாக இருந்தது.

அது கரையில் வாங்கின முட்டையாக இருக்கும் என்று அதே பெடியன் விடவில்லை. முட்டையைத் திருப்பச் சொன்னார் விரிவுரையாளர். காலையில் நடுவர்கள் நீல மையால் எழுதிய எங்கள் அணியின் இலக்கம் திரை நிறையத் தெரிந்தது. மண்டபமே ஆரவாரித்தது. அந்தச் சத்தத்தில் சாரதி சொன்னது பாதிதான் கேட்டது: "இந்த றோட்டில கடையில வாங்கின முட்டையே முழுசா வீட்டை போறேல்லை சேர்!"

மூன்றாவது இடம் எங்களுக்குக் கிடைத்தது. நக்கலடித்த பெடியன்தான் எல்லாரையும் விடப் பலமாக விசிலடித்தான். கட்டைப் பின்னல்காரி கைதட்டவில்லை. ஒரு துண்டுக் கடதாசியில் பரசூட்டை வரைந்து, நடுவில் காற்றுப் போக ஓட்டை போட வேண்டும் என்று மற்ற இருவரோடும் வாதாடிக்கொண்டிருந்தாள்.

பின்னேரம் நாங்கள் பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒரு பட்டா வாகனம் ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்து நின்றது. மீன் ஏற்றித் திரும்பி வந்த அதே சாரதி. ஐஸுக்கு மேலே துவாயில் சுற்றி வைத்திருந்த முட்டையை அவளிடம் கொடுத்துவிட்டு, அவசரமாகப் போய்விட்டார். பெயர் கேட்கக்கூட நேரமிருக்கவில்லை.

பீடத்துக்குப் போய்வந்த பிறகு அந்த மூவரும் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் தேடவே எனக்கு நேரம் போதவில்லை. இப்போதும் ஒரு பிள்ளையிடம் 'பரவாயில்லை' என்று சொல்ல வாயெடுக்கும்போது, முட்டை உடைந்ததை நான் பார்த்தேனா என்று முதலில் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.