இந்தக் கட்டடத்தில் இருக்கக் கூடாத நாவல்

லெண்டிங் லைப்ரரி நடத்துகிறவளுக்குப் புத்தகம் படிக்க நேரம் கிடைக்காது. படித்துவிட்டு வருகிறவர்கள் சொல்வதைக் கேட்கத்தான் நாள் சரியாக இருக்கும். ஒரு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து ஊராருக்கு எதையாவது எடுத்துக் கொடுத்துப் பிழைத்தவர்கள் யாராக இருந்தாலும் என் கஷ்டம் புரியும். மருந்துக்கடைக்காரரிடம் நோயைச் சொல்வார்கள், தையல்காரரிடம் உடம்பைச் சொல்வார்கள், என்னைப் போன்றவளிடம் கதையைச் சொல்வதாக நினைத்துக்கொண்டு வீட்டையே சொல்லிவிடுவார்கள். அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கவும் முடியாது, எழுந்து போகவும் முடியாது.

எந்த அலமாரி?

தொண்ணூறுகளின் நடுவில், சிங்காநல்லூரில் திருச்சி ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் ஒரு தெருவில், ஒரு மாடி வீட்டின் கீழ்ப்பகுதியில் என் லைப்ரரி இருந்தது. கேபிள் டி.வி. வந்து பாதி உறுப்பினர்களைக் கொண்டுபோயிருந்தது. மிச்சமிருந்தவர்களைப் பிடித்து வைத்திருந்தது என்னிடம் வேலை பார்த்த செல்விதான். லூனா மொபெட்டில் இரண்டு பக்கமும் பையை மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போய்ப் புதுசைக் கொடுத்துப் பழசை வாங்கி வருவாள். ஒரு மாதம் வந்த புதுப் புத்தகக் கட்டைப் பிரித்தபோது, கேள்விப்படாத ஒருவர் எழுதிய நாவல் ஒன்று இருந்தது. அட்டையில் நகை போட்ட கல்யாணப் பெண். தலைப்பும் கல்யாணப் பத்திரிகை மாதிரிதான் இருந்தது.

அடுப்பில் பருப்பு வெந்துகொண்டிருக்க, சும்மா புரட்டிப் பார்ப்போம் என்று ஆரம்பித்தேன். ஈரோட்டில் மஞ்சள் மண்டிக் குடும்பம் ஒன்று. அந்த வீட்டு மூத்த பையனுக்கும், மாடியில் குடியிருக்கும் பள்ளிக்கூட வாத்தியாருக்கும் காதல். வாத்தியாரும் ஆண்தான். விஷயம் தெரிந்து வீடு இரண்டாகிறது, தங்கைக்கு வந்த வரன் நின்றுபோகிறது, பையன் வாத்தியாரோடு தாராபுரம் போய்விடுகிறான். பெற்றவள் ஆறு மாதம் அழுதுவிட்டு ஒரு நாள் பஸ் ஏறிப் போய் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டுகிறாள். கதவு திறக்கிறது. கதை முடிந்துவிடுகிறது. பருப்பு அடிப்பிடித்த வாசனை வந்தபோது நான் நின்றபடியே கடைசிப் பக்கத்தில் இருந்தேன்.

அதற்குப் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எங்களிடம் காதல் அலமாரி ஒன்று, குடும்ப அலமாரி ஒன்று, துப்பறிவதற்கும் பேய்க்கும் சேர்த்து ஒன்று. புத்தகத்தைக் காதலில் வைத்தேன், கண்ணில் பட்டது. குடும்பத்தில் வைத்தேன், அங்கேயும் கண்ணில் பட்டது. யார் எடுப்பார்கள், எடுத்தால் என்ன ஆகும் என்று அதைக் கையில் வைத்துக்கொண்டே நடந்துகொண்டிருந்தேன். செல்வி லூனா சாவியைச் சுழற்றியபடி பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்:

“பேய் அலமாரியில வெச்சுருங்க்கா, அதைப் படிக்கறவங்கதான் எதுக்கும் பயப்பட மாட்டாங்க.”

கல்யாணப் புடவை

அப்படியும் முதலில் எடுத்துப் போனது பேங்க் ஆபீசர் வீட்டு சரஸ்வதியம்மாதான். அட்டையில் இருந்த நகையைப் பார்த்து எடுத்தார். அந்த அம்மா எந்த நாவலையும் ஒரே நாளில் முடித்துவிடுவார். மறுநாள் காலையிலிருந்து நான் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். திட்டுவாரா, அவர் வீட்டுக்காரரை அழைத்து வருவாரா, இல்லை மகளிர் மன்றத்தில் சொல்லிவிடுவாரா?

பதினோரு மணிக்கு வந்தார். புத்தகத்தை மேஜையில் வைத்துவிட்டு, எடுத்த எடுப்பில் மனசே ஆறவில்லை என்றார். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் பேச ஆரம்பித்தார். அந்தத் தங்கச்சிப் பெண்ணுக்கு வரன் தட்டிப் போனது அநியாயம். அப்புறம் வந்த மாப்பிள்ளை நல்லவன்தான், ஆனாலும் மண்டிக்காரர் அவ்வளவு வசதியை வைத்துக்கொண்டு அப்படியா கல்யாணத்தை நடத்துவது? நான் மெதுவாக, அந்த அண்ணனையும் வாத்தியாரையும் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று கேட்டேன். கையை ஒரு தடவை விசிறிவிட்டுச் சொன்னார்:

“அவங்க ரெண்டு பேரும் எப்படியோ நல்லா இருந்துட்டுப் போகட்டுமுங்க, அந்தப் புள்ளைக்கு முகூர்த்தப் புடவை ஒண்ணு பட்டுல எடுக்கக் கூடாதுங்களா?”

நாற்காலி வாத்தியார்

ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் மாலையில் நடந்துவிட்டு எங்கள் நாற்காலியில் உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பார். சரஸ்வதியம்மா வீட்டுக்காரர் அவரிடம் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். ஒரு சாயங்காலம் வந்ததும் அந்தப் புத்தகத்தைக் கேட்டார். இப்படிப்பட்டதைப் பிள்ளைகள் நடமாடும் இடத்தில் வைக்கலாமா என்று கேட்டார். ஆனால் படிக்காமல் கண்டிப்பது முறையில்லை என்றும் அவரே சொன்னார். வீட்டுக்கு எடுத்துப் போனால் மருமகள் பார்த்துவிடுவாள் என்பதால் எங்கள் நாற்காலியிலேயே உட்கார்ந்து, அட்டையைச் செய்தித்தாளால் மறைத்துக்கொண்டு ஒரு வாரம் படித்தார். பக்கம் திருப்பும் சத்தம் கேட்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்ப்பேன். இப்போது எந்த இடத்தில் இருப்பார், இருவரும் காதலைச் சொல்லிக்கொள்கிற அந்த மழை நாள் அத்தியாயம் வந்துவிட்டதா என்று கணக்குப் போட்டபடி, வருகிறவர்களுக்கு மாற்றி மாற்றிப் புத்தகம் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

கடைசி நாள் மூடி வைத்துவிட்டுக் கண்ணாடியைத் துடைத்தார். கதையில் அந்த அம்மா கதவைத் தட்டின இடத்தை மறுபடி ஒரு தடவை திறந்து படித்தார். ஆனாலும் கண்டிக்க வேண்டும் என்று ஆரம்பித்தவர் ஆயிற்றே, விடவில்லை.

“அத்தனை வருஷம் மாடியில குடியிருக்கறான், ஒரு நாளாச்சும் அந்த வாத்தியான் பரீட்சைப் பேப்பர் திருத்தினதா எழுதியிருக்காருங்களா?”

வீட்டுக்கார அம்மா

கட்டடத்தின் சொந்தக்காரர் ருக்மணியம்மா. வீட்டுக்காரர் இறந்த பிறகு ஒரே மகன் செந்திலோடு மாடியில் இருந்தார். மகளை ஈரோட்டில் கட்டிக் கொடுத்திருந்தார். செந்தில் பம்ப்செட் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். முப்பது தாண்டிவிட்டது. எந்தப் பெண்ணைக் காட்டினாலும் வேண்டாம் என்பான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சூலூரிலிருந்து மோகன் என்று ஒரு சிநேகிதன் வருவான். அங்கே விசைத்தறிக்கு உதிரிபாகம் விற்கிற கடை வைத்திருந்தான். ருக்மணியம்மா அவனுக்காகவே அரிசிம்பருப்புச் சோறு ஆக்குவார், கண்ணு என்றுதான் கூப்பிடுவார்.

தலைமையாசிரியர் ஏதோ பேச்சுவாக்கில் இவரிடம் அந்த நாவலைப் பற்றிச் சொல்லிவிட்டார். மறுநாள் காலை ருக்மணியம்மா விறுவிறுவென்று இறங்கி வந்தார். அந்தப் புத்தகம் இங்கே இருக்கக் கூடாது, இருந்தால் நான் வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததே இல்லை. அலமாரிகளைச் சொந்தச் செலவில் சுவரில் அடித்திருந்தேன், உறுப்பினர்கள் எல்லாரும் இந்தத் தெருவைச் சுற்றி இருக்கிறவர்கள், எங்கே போவேன்? பேசாமல் எடுத்துக் கொடுத்தேன். கிழிப்பாரா, அடுப்பில் போடுவாரா என்று பார்த்தேன். புடவைத் தலைப்பில் மூடி எடுத்துக்கொண்டு படியேறினார். மத்தியானம் மேலே நாற்காலி இழுபடும் சத்தம். சாயங்காலம் காப்பி போடும் சத்தமே இல்லை. செல்வி கூரையை அண்ணாந்து பார்த்துச் சொன்னாள்:

“இந்தக் கட்டடத்துல இருக்கக் கூடாதுன்னாங்க, அவிங்க ஊடும் இதே கட்டடந்தானுங்க்கா?”

ஒரு வாசகியின் அபிப்பிராயம்

மூன்று வாரம் புத்தகம் திரும்பி வரவில்லை. அந்த மூன்று வாரமும் என் தலைக்கு மேல் நடமாட்டம் ஓயவில்லை. முன்னறையிலிருந்து சமையலறை, அங்கிருந்து பால்கனி, மறுபடி முன்னறை. நானும் கீழே அதே மாதிரிதான் நடந்துகொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மோகன் வாழைப்பழச் சீப்போடு வந்தான். அவன் படியேறும்போதே ருக்மணியம்மா கோவிலுக்கு என்று கிளம்பிப் போய்விட்டார். அடுத்த ஞாயிறும் அப்படியே. அதற்கடுத்த வாரம் அவன் வரவில்லை. செந்தில்தான் சனிக்கிழமை சாயங்காலமே சூலூர் பஸ் ஏறிப் போய்த் திங்கட்கிழமை வந்தான்.

அந்தத் திங்கட்கிழமை, கடையில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து ருக்மணியம்மா வந்தார். புத்தகத்தை மேஜையில் வைத்தார். உட்காரவும் இல்லை, போகவும் இல்லை. நீ இதை வாங்கி வைக்காமல் இருந்திருந்தால் நான் பாட்டுக்கு வரன் தேடிக்கொண்டே இருந்திருப்பேன் என்றார். மகனிடம் ஏதாவது கேட்டீர்களா என்றேன். பெற்றவள் எப்படிக் கேட்பது, அவன்தான் எப்படிச் சொல்வான் என்றார். பிறகு, எழுதினவர் மேல் கோபம் என்பது போல அட்டையில் விரலால் தட்டினார்.

“கதவு தெறந்ததோட முடிச்சுப்போட்டாரு அம்மணி. மக்யா நாளு காலைல பால்காரன் ‘இவரு ஆருங்க’ன்னு கேட்டா அந்தப் பொம்பள என்ன சொன்னான்னு எழுதோணுமா இல்லியா?”

தரகர்

கல்யாணத் தரகர் ஒருவர் மாதம் இரண்டு முறை ஜாதகக் கட்டோடு மாடிக்குப் போவார். போகும்போதும் வரும்போதும் எங்கள் பானைத் தண்ணீரைக் குடிப்பார். அந்த முறை அவர் மேலே போகவே தேவையில்லாமல் ருக்மணியம்மா கீழேயே நின்றிருந்தார். பல்லடத்தில் ஒரு அருமையான பெண், டிகிரி முடித்தவள், பையனைப் பார்க்காமலே சம்மதம் சொல்லிவிட்டார்கள் என்று அவர் ஒரே மூச்சில் சொன்னார். நான் புத்தகம் அடுக்குகிற மாதிரி முதுகைத் திருப்பிக்கொண்டேன். காது மட்டும் அங்கேயே இருந்தது.

ருக்மணியம்மா தான் கொடுத்திருந்த செந்தில் ஜாதகத்தைத் திருப்பிக் கேட்டார். தரகர் சிரித்தார், வேறு தரகரா என்று கேட்டார். இல்லை என்றார். பையனுக்கு வெளிநாடு ஏதாவதா? அதுவும் இல்லை. பின்னே பெரிய வீட்டை வைத்துக்கொண்டு நீங்கள் தனியாகவா கஷ்டப்படுவது, ஒரு மருமகள் வேண்டாமா என்று அவர் விடாமல் கேட்டார். ருக்மணியம்மா அவர் கட்டிலிருந்து ஜாதகத்தைத் தானே உருவி எடுத்துக்கொண்டார்.

“மருமக வேண்டாமுங்க, மாவாட்டறதுக்கு ஆளு இருந்தாச் சொல்லுங்க.”

பால்காரன்

ஜாதகம் திரும்பி வந்தது செந்திலுக்குத் தெரிந்திருக்கிறது. ஏன் என்று அவனுக்குத் தெரியவில்லை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை. ஒரே வீட்டில் இருவரும் சோற்றுத் தட்டைப் பார்த்தே பேசிக்கொண்டிருந்தார்கள். ஒரு சனிக்கிழமை மத்தியானம் அவன் லைப்ரரிக்கு வந்தான். அவன் புத்தகம் படிக்கிறவனே இல்லை. அலமாரியை முழுசாக ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றான். தோளில் பை. மோகன் சூலூர்க் கடையைச் சாத்திவிட்டுத் திருப்பூர்ப் பக்கம் போய்விடலாமா என்று பார்க்கிறான், நானும் கூடப் போய்விடலாம் என்று இருக்கிறேன் அக்கா என்றான். அம்மாவிடம் சொன்னாயா என்றேன். இல்லை என்று தலையை ஆட்டினான். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றான், ஆனால் நகரவில்லை.

இந்த விஷயத்தில் நான் வாய் திறக்கலாமா கூடாதா என்று எனக்கு அப்போதும் தெரியவில்லை. இப்போதும் தெரியாது. அவன் அம்மா அந்த நாவலைப் படித்ததையும், என்னிடம் கேட்ட கேள்வியையும் அப்படியே சொன்னேன். அவன் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டான். முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். அழுகிறான் என்று நினைத்துச் செல்வியைப் பார்த்தேன். அவளும் என்னைத்தான் பார்த்தாள். கையை எடுத்தபோது அவன் கண் நனைந்திருந்தது, வாய் சிரித்துக்கொண்டிருந்தது. பையைத் தோளிலிருந்து கழற்றினான்.

“பால்காரன்கிட்ட நா பேசிக்கறேன்னு அம்மாகிட்டச் சொல்லிருங்க்கா… இல்லீங்க, வேண்டாம், நானே போய்ச் சொல்லிக்கறேன்.”

புகார்

அன்றைக்கு மேலே என்ன பேசினார்கள் என்பது எனக்குத் தெரியாது. விளக்கு வைக்கிற நேரம் வரை செந்தில் கீழே இறங்கவில்லை. அதன் பிறகு மிக்ஸி ஓடியது. எல்லாம் சுபம் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஈரோட்டு மகள் அந்தப் பொங்கலுக்கு வரவில்லை, அடுத்த பொங்கலுக்கும் வரவில்லை. தெருவில் சில பேர் ருக்மணியம்மாவைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போனார்கள். என்னிடமும் நாலைந்து குடும்பம் புத்தகம் வாங்குவதை நிறுத்திக்கொண்டது. மோகன் கடையை மூடவில்லை. தினமும் இங்கிருந்து சூலூர் போய் வந்தான்.

அவன் மாடிக்குக் குடிவந்து இரண்டு மாதம் இருக்கும். ருக்மணியம்மா ஒரு நாள் மூச்சு வாங்க இறங்கி வந்து, ரொம்ப நாளைக்குப் பிறகு என் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எனக்கு மறுபடி பகீரென்றது. இந்தத் தெருவில் மகனுக்குக் கல்யாணம் முடித்த எல்லா அம்மாக்களும் அதே நாற்காலியில் உட்கார்ந்து, அதே மாதிரி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னிடம் புலம்பியிருக்கிறார்கள். மோகன் கொத்தமல்லி வாங்கப் போய்ப் புதினா வாங்கி வருகிறானாம். ரசத்தில் உப்புப் போதவில்லை என்று முகத்துக்கு நேராகச் சொல்கிறானாம். செந்திலும் அவன் பக்கமே பேசுகிறானாம். நான் சிரிக்காமல் இருக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். கடைசியில் பெருமூச்சு விட்டுக்கொண்டு எழுந்தார்.

“நம்ம காலம் மாதிரி இல்ல அம்மணி, இப்ப ஊட்டுக்கு வாரவங்க ஒருத்தருக்கும் பெரியவங்களை அனுசரிச்சுப் போவோணுங்கற எண்ணமே இல்ல.”

லைப்ரரியை மூடியபோது அந்த நாவலையும் சேர்த்து எல்லாப் புத்தகங்களையும் பழைய பேப்பர்காரர் எடைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். ஆளாளுக்கு என்னிடம் விட்டுப்போன அபிப்பிராயங்களை எடுத்துக்கொள்ள மட்டும் இன்றுவரை ஒருவரும் வரவில்லை.