ஏப்பத்துக்கு ஒரு பாட்டு வாத்தியார்

பட்டணத்து ஆஸ்பத்திரியில் என் குரல்வளையை அறுத்து எடுத்தபோது, பரமத்தி வேலூரில் அதிகம் சந்தோஷப்பட்டவன் என் தம்பியாகத்தான் இருக்க வேண்டும். அதுவரை வீட்டில் என் சத்தம் மட்டும்தான் கேட்கும். வெற்றிலைக் கொடிக்காலில் நின்று நான் ஆளைக் கூப்பிட்டால், காவிரிக்கு அக்கரையில் மேய்கிற மாடுகூடத் திரும்பிப் பார்க்கும். தொண்டையில் வந்த புற்றோடு அதுவும் போயிற்று. கழுத்தில் ஒரு ஓட்டை போட்டு, மூச்சை அந்த வழியாகத் திருப்பிவிட்டார்கள். வாய் சாப்பிடுவதற்கு மட்டும் என்றாகிவிட்டது.

அன்றிலிருந்து எனக்காகத் தம்பி பேச ஆரம்பித்தான். "அண்ணன் என்ன சொல்றாருன்னா..." என்று தொடங்கி, நான் கனவிலும் நினைக்காததைச் சொல்வான். நான் தலையை ஆட்டி மறுத்தால், "ஆமாங்கறாரு" என்பான். எழுத்துக்கும் எனக்கும் உள்ள உறவு கையெழுத்தோடு சரி. இப்படித்தான் ஒரு நாள், தாயில்லாத என் மகளைத் திருச்செங்கோட்டுப் பக்கம் இரண்டாம் தாரமாகக் கொடுக்க நான் சம்மதித்துவிட்டேன் என்று எனக்கே தெரியவந்தது. மாப்பிள்ளைக்கு ஏறக்குறைய என் வயது. பூமி நிறைய இருந்தது, தம்பிக்கு அது போதும்.

ஊருக்கு அனுப்பும்போது டாக்டர் ஒரு வழி சொல்லியிருந்தார். காற்றை விழுங்கி, ஏப்பமாக மேலே கொண்டுவந்து, அதை வாயில் வார்த்தையாக்க வேண்டுமாம். பாட்டுக் கற்றுக்கொண்டால் அந்தக் காற்றை அளவாக விடப் பழகுமாம். வெட்கக்கேடு என்று விட்டிருந்தேன். நிச்சயத்துக்கு நாற்பது நாள் இருக்கும்போது வெட்கம் பறந்துவிட்டது.

நாமக்கல்லில் நாடகத்துக்கு ஆர்மோனியம் வாசிக்கிறவர் ஒருவர் கிடைத்தார். என்னைவிட இருபது வயது இளையவர். கூட வந்த மகள் என் ஜாடையை விளக்கிச் சொன்னதும், "ஏனுங்க, ஏப்பத்துக்கெல்லாம் நான் சுதி சேர்க்கோணுமுங்களா?" என்று அழாத குறையாகக் கேட்டார். ஆனாலும் நல்ல மனுஷன். தம்புராவுக்குப் பதிலாகக் கோலி சோடாவை உடைத்துக் கொடுத்தார். குடித்ததும் எழும்பிய காற்றில் "ச" பாடச் சொன்னார். வரவில்லை. ரி, ம, நி மூன்றும் அசைந்து கொடுக்கவில்லை. வாய்க்குள் அடைத்து வெடிக்கிற க, ப, த மட்டும் தவளைக் குரலில் வெளியே விழுந்தன.

"ஏழுல மூணு தேறிருச்சுங்க. எங்க ராஜபார்ட்டுக்கே அவ்வளவுதானுங்க வரும்" என்றார்.

அந்த மூன்றையும் ஏற்றியும் இறக்கியும் தினமும் பாடினேன். மகள் பக்கத்தில் உட்கார்ந்து சோடா உடைத்துக் கொடுப்பாள். கடைசியில் "தப்பு" என்று ஒரு வார்த்தை தெளிவாக வந்தது. சபையில் நிச்சயத்தை நிறுத்த அது போதும் என்று நினைத்தேன்.

நிச்சயத்தன்று பந்தி முடிந்து எல்லோரும் உட்கார்ந்தார்கள். தம்பி வெற்றிலைத் தட்டைக் கையில் எடுத்து, "அண்ணனுக்குப் பரிபூரண சம்மதமுங்க" என்றான். நான் எழுந்து நின்றேன். காற்றை விழுங்கி, பழகிய சுதியில், "தப்பு" என்றேன்.

மாப்பிள்ளை வீட்டுப் பெரியவருக்கு முகம் மலர்ந்துவிட்டது. "சம்மந்திக்கு வயிறு நெறஞ்சு போச்சுங்க. இப்படி ஏப்பம் வந்தாத்தானுங்க விருந்து!" என்றார். நான் மறுபடியும் சொன்னேன். "இன்னொண்ணு!" என்று சபையே சிரித்தது. மூன்றாம் முறை காற்று எழவில்லை, கண்ணீர்தான் வந்தது.

அப்போது உள்ளே இருந்து மகள் வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"அது ஏப்பமில்லீங்க. அப்பா தப்புங்கறாங்க. எனக்கும் இந்தக் கல்யாணம் வேண்டாமுங்க."

"சபையில பொட்டப்புள்ளைக்கு என்ன பேச்சு?" என்று தம்பி பாய்ந்தான்.

"அப்பாவுக்குத்தானுங்க, சித்தப்பா, தொண்டைய எடுத்தாங்க. எனக்கு இருக்குதுங்க."

வந்தவர்கள் தாங்கள் கொண்டுவந்த தட்டை எடுத்துக்கொண்டு வண்டி கட்டினார்கள். தம்பி ஏதேதோ கத்தினான், நான் கேட்கவில்லை. நாற்பது நாள் அவளுக்காகத்தான் பாடினேன் என்று எனக்குப் பெருமை. அதில் ஒரு நாள்கூட, உனக்கு இதில் என்ன எண்ணம் என்று ஜாடையால்கூட அவளை நான் கேட்டிருக்கவில்லை. தொண்டை இருந்த காலத்திலும் கேட்டதில்லை.