மதகடியில் திருத்திய கடிகாரம்

எழுபத்தைந்தாம் பிறந்தநாளுக்கென்று மருமகன் எனக்கொரு கைக்கடிகாரம் வாங்கி வந்திருக்கிறார். கையில் கட்டினால் கொட்டாங்கச்சியைக் கவிழ்த்தது போலிருக்கிறது. கறுப்பு முகத்துக்குள் மூன்று குட்டி முகங்கள். விளிம்பைச் சுற்றிக் காரின் வேகத்தை அளக்கும் எண்கள். திருகுக்கு மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு பொத்தான்கள்.

"டிசைன் எப்படி மாமா?"

"நன்றாயிருக்கிறது" என்றேன். வேலைப்பாட்டில் குறை சொல்ல முடியாதுதான்; முட்கள் தலைமுடியை வகிர்ந்து வைத்தது போல் அத்தனை நேர்த்தி. ஆனால் உங்களிடம் சொல்வதற்கென்ன, எனக்கு அருவருப்பாக இருந்தது. மணி பார்க்க வருகிறவனை நிறுத்தி, முதலில் என்னைப் பார் என்கிறது அது. நொடியைப் பத்தாகப் பிளந்து காட்டுமாம். வாங்கி வந்தவரோ நேரம் பார்க்கக் கைப்பேசியைத்தான் எடுக்கிறார்.

எல்லாவற்றுக்கும் மேலே, பின்மூடியில் 'நேரம் தவறாதவர்' என்று பொறித்திருக்கிறது.

தோல் வாரை முகர்ந்து பார்த்தேன். புதுச் செருப்புக்கடை வாசனை. என் பழைய கடிகாரத்தின் வாரில் வியர்வையும் வாய்க்கால் சேறும் மணக்கும். பூதலூர்ப் பக்கம் பாசனப் பிரிவில் இளநிலைப் பொறியாளனாகச் சேர்ந்த காலம். ஆற்றில் தண்ணீர் குறைந்துவிட்ட வருடம் அது. வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் விட்டோம். ஒருவர் நிலத்துக்கு இத்தனை மணி நேரம், பிறகு மடையை அடைத்து அடுத்தவருக்கு. எல்லாம் என் கடிகாரப்படி. ஊரில் எனக்கு 'வாட்ச் சார்' என்றே பெயர். அந்தப் பெயரை நான் சட்டைக் கஞ்சியைப் போல் விறைப்பாகக் காத்துவந்தேன்.

ஒருநாள் காலையில் கடிகாரம் நின்றுபோயிருந்தது. முந்தைய நாள் சாவி கொடுக்க மறந்திருக்கிறேன். பிறரிடம் மணி கேட்பது கௌரவக் குறைவு என்று பட்டது. உத்தேசமாக ஒரு நேரத்தை வைத்து ஓடவிட்டேன். அதில் பத்து மணி ஆனபோது, கடைமடையில் பயிரிட்ட அஞ்சலையம்மாளுக்கு மடையைத் திறந்தேன். மூன்று மணி நேரம் அவர் முறை. நண்பகலில் அரிசி ஆலைச் சங்கு ஊதியது. என் கடிகாரம் பதினொன்றரை காட்டியது. யாரும் பார்க்குமுன் முள்ளைப் பன்னிரண்டுக்குத் திருப்பினேன். சரியாக ஒரு மணிக்கு மடையை அடைக்கச் சொன்னேன்.

தண்ணீர் திறந்தபோதே அந்த அம்மாள் வரப்பில் ஒரு குச்சி நட்டு, மூன்று மணி நேரத்தில் நிழல் எட்டும் இடத்தில் கோடு கிழித்து வைத்திருந்தார். அதைக் காட்டினார்.

"நெழலு இன்னும் போவணுங்களே சார். கடைசி மா நெலத்துக்குத் தண்ணி ஏறலீங்க."

"வாட்ச் பொய் சொல்லாதும்மா."

அவர் என் மணிக்கட்டைப் பார்த்தார். "ஆமாங்க, வாட்ச் சரியாத்தான் இருக்கும். வெயிலுதான் தப்பா அடிச்சிருக்கு."

மடையடியில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவரைப் பார்த்துச் சிரித்தார்கள், என்னையல்ல. சைக்கிளில் பாதி வழி வந்த பிறகே கணக்கு எனக்கு உறைத்தது: திருப்பிய அரை மணி நேரம் அவருடைய தண்ணீர். திரும்பிப் போய், தவறு என்னுடையது என்று சொல்லியிருக்கலாம். அடுத்த முறைக்காரர் என்ன நினைப்பார், 'வாட்ச் சார்' என்ன ஆவான் என்று யோசித்தபடியே வீடு வந்து சேர்ந்தேன். அடுத்த முறை வருவதற்குள் அவருடைய கடைசி மா கருகியிருந்தது. பிறகு பார்த்தபோதெல்லாம் அந்த அம்மாள் வணக்கம் சொன்னார். மணி மட்டும் என்னிடம் கேட்டதேயில்லை.

"மேல உள்ள பொத்தான் ஓட விடுறதுக்கு மாமா. கீழ உள்ளத அமுக்குங்க, ஓடுனதெல்லாம் அழிஞ்சு முதல்லேருந்து ஆரம்பிக்கும்" என்றார் மருமகன். அமுக்கினேன். முள் ஒரு துள்ளலில் பன்னிரண்டுக்குப் போய் நின்றது. இவ்வளவு சுலபமாக ஒன்றை அழிக்கிற பொருளை எப்படிக் கட்டிக்கொள்வது? கழற்றிப் பெட்டியில் வைத்துவிட்டேன். கனமாக இருக்கிறது என்று காரணம் சொன்னேன், அதுவும் பொய்யல்ல.

அதன்பின் ஒருநாள் அந்தப் பக்கம் போயிருந்தேன். அஞ்சலையம்மாள் காலமாகிப் பல வருடங்களாம். மடையை அடைக்கும் பலகை இல்லை. மோட்டார் வந்தபின் முறைக்குக் காத்திருப்பவர் யாருமில்லை. கடைசி மா இருந்த இடத்தில் மஞ்சள் கல் ஊன்றி மனை பிரித்திருக்கிறார்கள். கற்களின் நிழலைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கையில் கடிகாரம் இல்லை.